கொசு கடிக்காத ஆக்சிலியா

ரப்பர் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தி, தண்ணீரை விசிறி போல விரித்துக்கொண்டே ஆக்சிலியா நாற்றுகளைத் திட்டுவாள். "ஏய், நீ எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கற? உனக்கு மட்டும் தனியா ஊத்தணுமா?" குழித்தட்டுகளில் விரல் நீளம் வளர்ந்த தக்காளி நாற்றுகள் தலையை ஆட்டும். பொழுது சாயும் அந்த நேரத்தில்தான் தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து கொசுக்கள் கிளம்பும். நான் துப்பட்டாவால் காதையும் கழுத்தையும் மூடி, கணுக்காலில் களிம்பு தேய்த்துக்கொண்டு தள்ளி நிற்பேன். அவள் சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு சேற்றில் நிற்பாள்.

"உங்களத்தான் அண்ணி கடிக்குது. என்னயக் கடிக்காது. என் ரத்தம் கசப்பு."

இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் நிலம் நீச்சு வைத்திருப்பவர்களின் மிதப்பு இருக்கும்.

ஆக்சிலியா என் தம்பி ஸ்தனிஸ்லாஸின் மனைவி. கம்பைநல்லூரில் பஸ் மாறி வரவேண்டிய எங்கள் ஊரில் தக்காளி நாற்று என்றால் அவள்தான். பாலக்கோட்டுப் பக்கத்து விவசாயிகள்கூட அவளைத் தேடி வருகிறார்கள். ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி மூக்கருகில் வைத்துப் பார்ப்பாள். வாசனை அவளுக்குத் திருப்தியாக வந்தால்தான் தட்டைத் தூக்க விடுவாள். போன வாரம் பெரியண்ணன் என்ற விவசாயி அவசரப்படுத்தினார். "பூசைக்குப் போயிட்டு வந்து ஞாயித்துக்கெழம தரேங்க. இன்னிக்கே தூக்குனா நாத்து அழுவும்" என்றாள். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார். நான் ஒரு கடையில் அப்படிப் பேசியிருந்தால் சண்டை வந்திருக்கும். அவளிடம் மட்டும் எல்லோருக்கும் பொறுமை வந்துவிடுகிறது.

தம்பி மங்களூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போய் மாதக்கணக்கில் அங்கேயே கிடப்பவன். வீட்டில் அவளும், என் அம்மா ராயம்மாளும், ஒரு கறவை மாடும். நான் டப்ளினில் இருக்கிறேன். அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது என்று கேள்விப்பட்டு, அலுவலக வேலையை மடிக்கணினியோடு தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன். வந்து பார்த்தால் அம்மா கட்டிலில் உட்கார்ந்து ஆக்சிலியாவோடு பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். "நீ எதுக்குடி இவ்ளோ தூரம்?" என்றாள்.

அம்மா என்னோடு போனில் பேசினால் "சாப்ட்டியா? குளுரா? சரி, வெய்யி" என்பதோடு முடிந்துவிடும். அவள் அதிகம் பேசாதவள் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். ஆக்சிலியாவோடு இருக்கும்போதுதான் தெரிந்தது. யார் வீட்டு போர்வெல் வற்றியது, சாமியார் பிரசங்கத்தில் எங்கே தடுமாறினார், எந்தப் பெண் எவனோடு ஓசூர் பஸ் ஏறினாள் என்று பேச்சு நிற்கவே இல்லை. நடுவில் அம்மா வாய்விட்டுச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு எனக்கு அறிமுகமே இல்லை.

இருவரும் படுப்பது வெளியில், நாற்றுத் தட்டுகளின் பக்கத்தில். சிமெண்ட் சீட் போட்ட வீட்டுக்குள் வெக்கை தாங்காது, நாற்றை ஆடு மேய்ந்துவிடும் என்று இரண்டு காரணங்கள் வைத்திருந்தார்கள். நாற்றுக்குத் தண்ணீர் தேக்கும் தொட்டி திறந்தே கிடக்கும். அதற்கும் அப்பால், கைவிடப்பட்ட கல்குவாரிக் குழியில் மழைத்தண்ணீர் பச்சையாக நிற்கும். கட்டிலுக்கும் தொட்டிக்கும் நடுவே ஆக்சிலியா மாட்டைக் கட்டி வைப்பாள். அது அவளுடைய ஏற்பாடு. "கொசு மொதல்ல மாட்டத்தான் பாக்கும் அண்ணி. வயிறு ரொம்பிட்டா அப்பறம் நம்மகிட்ட எதுக்கு வருது?"

அம்மாவுக்காக நான் வாங்கி வந்த கொசுவலை மெல்லியது, வெள்ளைவெளேரென்று இருக்கும். மறுநாளே அது காணாமல் போனது. தேடிப் போனால், வளைத்து ஊன்றிய கம்பிகளின் மேல் இழுத்துக் கட்டி, ஓரங்களில் கல் வைத்து, நாற்றுகளுக்குப் பந்தல் போட்டிருந்தாள். பக்கத்திலேயே சுகாதாரத் துறை கொடுத்த நீலக் கொசுவலையும் அதே வேலையில் இருந்தது. எங்கள் ஊரில் வலை வாங்கிய பலரும் செய்யும் காரியம்தான் இது. வெள்ளை ஈ ஏறினால் நாற்று சுருண்டுபோகும்.

"உங்க வலை நல்ல வலைங்க அண்ணி. கண்ணு சிறுசு. ஒரு ஈ உள்ள பூரல" என்று மனதாரப் பாராட்டினாள்.

அம்மாவிடம் முறையிட்டேன். "அவ புள்ளைங்க மாதிரி வளக்கறா. இருந்துட்டுப் போவட்டும் உடு" என்றாள்.

என் வலை நாற்றுக்கு, என் அம்மா கொசுவுக்கு. யாரிடம் போய்ச் சொல்வது?

இரண்டாவது வாரம் ஒரு மத்தியானம், வெயில் கொளுத்தும்போது, அம்மா கம்பளி கேட்டாள். பற்கள் தட்டிக்கொண்டன. கிராம செவிலியர் நிர்மலாதேவி வந்து விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தார். மலேரியா. மாதா திருவிழாவுக்கு வந்திருந்த தம்பிக்கும் இதே போல நடுக்கம் இருந்ததா என்று கேட்டார். இருந்தது. மாத்திரை சாப்பிட்டிருக்கிறான், காய்ச்சல் நின்றதும் நிறுத்திவிட்டு மங்களூர் பஸ் ஏறிவிட்டான். அவன் ரத்தத்தைக் குடித்த கொசு, பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த அம்மாவைத் தேடி வந்திருக்கிறது.

நிர்மலாதேவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். "வெளில படுக்கை. தொட்டிக்கு மூடி இல்ல. கல்லுக்குழில தண்ணி. குடுத்த வலை நாத்து மேல. ஆரத்தி எடுத்துக் கூப்ட்டிருக்கறீங்க, வராம என்ன பண்ணும் அது?"

ஆக்சிலியா முன்னால் வந்து தன் விரலையும் நீட்டினாள். அவளுக்கு ஒன்றுமில்லை என்று வந்தது.

"நாந்தான் சொன்னன்ல, கசப்புன்னு" என்றாள், குரல் எழும்பாமல்.

இரவெல்லாம் கொசுவர்த்தியின் புகையில் இருமிக்கொண்டு கிடக்கிற எனக்கு அவள் ரத்தத்தின் மேலேயே பொறாமை வந்தது.

பொழுது இறங்குவதற்குள் இரண்டு வலைகளையும் நாற்றின் மேலிருந்து உருவினாள். வெள்ளை வலையை அலசி உலர்த்தி, வீட்டுக்குள் அம்மாவின் கட்டிலுக்கு மேல் கட்டினாள். தொட்டிக்குத் தகரம் போட்டாள். "நாத்து?" என்று கேட்டேன். "அது கெடக்குது" என்றாள். உள்ளே வந்து படு என்று இரண்டு வாரமாக நான் கெஞ்சியும் அசையாத அம்மா, "அத்தை, எந்திரிங்க" என்ற அவளது ஒரு சொல்லுக்கு எழுந்து வலைக்குள் போனாள்.

மாத்திரை பதினான்கு நாள். "மூணு நாள்ல காச்சல் நின்னுரும். நின்னுட்டுதுன்னு நிறுத்தக் கூடாது. ஈரல்ல ஒளிஞ்சிருக்கறது மறுபடியும் கெளம்பும். இந்த ஒடம்பு இன்னொரு தடவ தாங்காது" என்று நிர்மலாதேவி என்னிடம் தனியாகச் சொன்னார். அன்றே போனில் அலாரம் வைத்தேன். அலாரம் அடித்ததும் அம்மா வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். வற்புறுத்திக் கொடுத்தால் கன்னத்தில் ஒதுக்கி வைத்து, நான் திரும்பியதும் மாட்டுக் கழுநீர்த் தொட்டியில் துப்பிவிடுவாள். "காச்சல்தான் போயிருச்சே. சும்மா சும்மா இந்தக் கசப்ப எவ முழுங்கறது?"

ஆக்சிலியா வருவாள். களியில் கடைசி உருண்டையை அம்மா விழுங்கி முடிக்கும்வரை எதிரில் குந்தியிருந்து யார் வீட்டுக் கதையாவது சொல்வாள். கதை பாதியில் இருக்கும்போது மாத்திரையை நீட்டுவாள். அம்மாவின் வாய் தானாகத் திறக்கும்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் கேட்டேவிட்டேன். "நான் குடுத்தா மட்டும் ஏம்மா துப்பற?"

அம்மா வாயைத் துடைத்துக்கொண்டாள். "நீ குடுத்தா ஆஸ்பத்திரி மாதிரி இருக்குது ஏஞ்சலு. அவ குடுத்தா சோறு மாதிரி இருக்குது."

ஆக்சிலியா காதில் விழாதவள் போலத் தட்டைக் கழுவப் போனாள்.

மாத்திரை பாதிக்கு மேல் மிச்சமிருக்கும்போது மங்களூரிலிருந்து போன் வந்தது. தம்பிக்கு மறுபடியும் நடுக்கம், எழுந்து உட்கார முடியவில்லை. நான் போய்க் கூட்டிவருகிறேன் என்றேன். "நீங்க கூப்ட்டா நாளைக்கு நாளைக்கும்பாரு அண்ணி. நான் போய் நின்னாத்தான் கெளம்புவாரு" என்றாள். உண்மைதான். உண்மையாக இருந்ததால் இன்னும் எரிந்தது. அதைவிடப் பெரிய பயம் வேறு. அவள் திரும்பி வரும்வரை அம்மா என்னிடம் மாத்திரை வாங்க வேண்டுமே.

மறுநாள் மதியம் குளித்து, கோயிலுக்கு மட்டும் உடுத்தும் ஊதாச் சேலை கட்டி, பையோடு வாசலில் வந்து நின்றாள். குழாயடியில் கையைச் சோப்புப் போட்டு நிதானமாகக் கழுவினாள். அம்மா சாப்பிட்டு முடித்திருந்தாள். மாத்திரை என் உள்ளங்கையில் வியர்த்துக்கொண்டிருந்தது. அம்மா என் பக்கம் பார்க்கவே இல்லை.

"ஆக்சி, அத குடுத்துட்டுப் போ" என்று அவளைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

ஆக்சிலியா அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு மாட்டின் பின்பக்கம் போனாள். முந்தானையை ஒதுக்கிக் குனிந்து, சோப்பு வாசனை போகாத இரண்டு கைகளையும் ஆவி பறக்கும் சாணியில் மணிக்கட்டுவரை அமிழ்த்தினாள்.

"கை சாணியா இருக்குதுங்க அத்தை" என்று சொல்லி, சாணி வழியும் கைகளை உயரத் தூக்கிக் காட்டினாள்.