எலி வீட்டுச் சேவுகனும் உப்பில்லாக் கஞ்சியும்

காரைக்குடியில் சேவுகன் என்று விசாரித்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். ‘எலி டாக்டர்’ என்று கேட்டால் பஸ் ஸ்டாண்டு ஆட்டோக்காரரே வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். டாக்டரும் இல்லை, கம்பவுண்டரும் இல்லை. ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியில் ஆராய்ச்சிக்கு எலி வளர்க்கிற ‘எலி வீடு’ இருக்கிறது. அங்கே தீனி போடுகிற, கூண்டு கழுவுகிற ஊழியர். தச்சர் குடும்பம். உடைந்த கூண்டுக் கதவைச் சரிசெய்யப் போனவரை, வேலை சுத்தமாக இருக்கிறது என்று அங்கேயே வைத்துக்கொண்டார்கள். பதினாறு வருஷம் ஆயிற்று.

பதினாறு வருஷம் படித்தவர்கள் பக்கத்தில் நின்றால் காதில் நாலு வார்த்தை விழத்தானே செய்யும்? விழுந்த நாலை நாற்பதாக்கித் தெருவில் விடுவதில் மனுஷனுக்கு அப்படி ஒரு ருசி. யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் இவரிடம்தான் வந்து நிற்பார்கள். பெரும்பாலும் நல்லதைத்தான் சொல்வார், அதையும் சொல்லிவிட வேண்டும். தண்ணீரைக் காய்ச்சிக் குடி, ஆஸ்பத்திரிக்குப் போ என்கிற மாதிரி. கெட்ட மனசு துளிகூடக் கிடையாது. ஆனால் தனக்கு ஒன்று தெரியாது என்று அவர் ஒத்துக்கொண்டு யாரும் பார்த்ததில்லை. அதுதான் குடியைக் கெடுத்தது.

அங்கே ஆராய்ச்சி செய்கிற மீனாம்பிகை மேடம் இந்த வருஷம் எடுத்துக்கொண்டது அட்ரினல் சுரப்பி. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போட்டாற்போல் உட்கார்ந்திருக்கும். எலிக்கு அது ஒரு கம்பு மணி அளவுதான். அந்தக் கம்பு மணி சுரப்பது நின்றுபோனால் ஒரு காய்ச்சலை, ஒரு நாள் பட்டினியை உடம்பு தாங்காது. தீனியை மாற்றினால் அது எப்படி வளர்கிறது, வெளியிலிருந்து ஹார்மோன் கொடுத்தால் என்ன ஆகிறது என்று பார்ப்பது மேடத்தின் வேலை. உப்பில்லாத தீனி தின்ற எலிகளுக்குச் சுரப்பி தடித்திருந்தது. அந்த ஹார்மோனை, அதாவது ஸ்டீராய்டை, தண்ணீரில் கலந்து கொடுத்த எலிகளுக்குக் கடுகாய்ச் சுருங்கிக் கிடந்தது.

“வெளியில இருந்து தானா வர்றப்ப நாம எதுக்கு உழைக்கணும்னு சுரப்பி படுத்துரும், சேவுகன்,” என்றார் மேடம், தராசைப் பார்த்தபடியே.

சேவுகன் தலையை ஆட்டினார். அவர் பார்வை தராசில் இல்லை. மேசைமேல் கிடந்த ஸ்டீராய்டு எலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயிறு மட்டும் உப்பி, கால்கள் சூம்பி, தோல் காகிதமாய் மெலிந்திருந்தது. அவர் மனைவி தீபலட்சுமியும் இப்போது அப்படித்தான் இருந்தாள்.

தீபலட்சுமிக்கு நாற்பத்தொரு வயது. மூட்டு வலி தாங்காமல் அழுதுகொண்டிருந்தவள், எட்டு மாதமாக ஒரு பொடி சாப்பிடுகிறாள். திங்கட்கிழமைச் சந்தையில் வேனை நிறுத்தி, மைக் வைத்து ஒருத்தன் விற்கிற பொடி. சுத்தமான மூலிகை என்றான் பாவி. மூன்றாம் நாளே எழுந்து நடந்தாள். முகம் உருண்டது, கன்னம் சிவந்தது. “நல்லாப் பூசினாப்புல இருக்கியேடி” என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். சேவுகனுக்கும் பெருமைதான். வயிற்றில் செந்நிறக் கோடுகள் விழுந்ததையும், லேசாக இடித்தாலே தோல் கன்றிப்போனதையும் இரண்டு பேரும் பார்த்தார்கள். சதை போட்டால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

அன்று செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் வந்த வேகத்தில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய், பொட்டலங்களை அள்ளிக் கக்கூஸில் கொட்டித் தண்ணீர் ஊற்றினார்.

“ஐயையோ, என்ன பண்றீக? நேத்துத்தான வாங்கியாந்தேன்!”

“மூலிகையாம் மூலிகை! ஸ்டீராய்டு புள்ள அது. உள்ள இருக்கிற சுரப்பியச் சுருக்கிப்புடும். இனிமே ஒரு சிட்டிகை தொடக்கூடாது.”

“மூட்டு வலி திரும்ப வந்துச்சுன்னா?”

“வரட்டும். சுருங்குனத நான் வளத்துக் காட்டுறேன். எத்தன எலியப் பாத்திருக்கேன்!”

மேடத்திடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால், எலி டாக்டர் வீட்டிலேயே எட்டு மாதம் ஸ்டீராய்டு குடியிருந்த கதையைச் சொல்ல வேண்டுமே! வெட்கம் பிடுங்கித் தின்றது. அதனால் தானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். உப்பை நிறுத்தினால் சுரப்பி தடிக்கிறது, கண்ணால் பார்த்தாயிற்று. அப்புறம் என்ன? தீபலட்சுமிக்குக் காலையும் மாலையும் உப்பில்லாத கேழ்வரகுக் கஞ்சி. ஊறுகாய் ஜாடி பரணுக்கு ஏறியது. தன் கையாலேயே காய்ச்சி, ஆற்றி, பக்கத்தில் உட்கார்ந்து குடிக்கவைத்தார். பாசத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

புதன்கிழமை அடித்துப் போட்டாற்போல் உடம்பு வலித்தது அவளுக்கு. வியாழக்கிழமை குடித்த கஞ்சி வயிற்றில் தங்கவில்லை.

“வாய்க்கு வெளங்கலைங்க. ஒரு கல்லு உப்புப் போடுங்களேன்,” என்று கெஞ்சினாள்.

“வெசம் எறங்குது புள்ள, அப்படித்தான் இருக்கும். ரெண்டு நாளைக்குப் பல்லக் கடிச்சுக்க.”

அவளும் கடித்துக்கொண்டாள். வீட்டுக்காரர் சொல்லில் அவளுக்கு அத்தனை நம்பிக்கை. வெள்ளிக்கிழமை காலையில் எழுந்து நின்றவள், “கண்ணு இருட்டுதுங்க” என்று சுவரைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்தாள். அவளைப் படுக்கவைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார். சைக்கிள் மிதிக்கிற நேரமெல்லாம் மனசு திரும்பு திரும்பு என்றது. அவர் திரும்பவில்லை.

எலி வீட்டில் தீனி வாளிச் சத்தம் கேட்டாலே எலிகள் கம்பியில் தொற்றிக்கொள்ளும். அன்று கடைசிக் கூண்டில் மட்டும் ஒரு அசைவும் இல்லை. ஸ்டீராய்டுத் தண்ணீரைச் செவ்வாய்க்கிழமையோடு நிறுத்திய கூண்டு அது. ஒரு நாள் தீனியும் போட வேண்டாம் என்று மேடம் சொல்லியிருந்தார். சேவுகன் கையைவிட்டு ஒரு எலியை எடுத்தார். நனைந்த துணியாய்த் தொங்கியது, உடம்பில் சூடே இல்லை.

“மேடம், இதுகளுக்குத்தான் மருந்த நிறுத்தியாச்சே? தேறத்தான செய்யணும்?”

“படுத்த சுரப்பி மறுநாளே எந்திரிச்சிருமா? மாசக்கணக்காகும். மனுசங்களுக்கும் அதே கதைதான். டாக்டர் பாத்துக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். திடீர்னு நிறுத்தினா பிரஷர் விழுந்து உயிரே போயிரும்.”

“உப்ப நிறுத்துனா வளருமே மேடம்…”

“அது சுரப்பியோட வெளி அடுக்கு. ஸ்டீராய்டு சுருக்குறது உள் அடுக்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. அந்த நெலமையில உப்பையும் நிறுத்தினா இன்னும் மோசம். ஏன் கேக்குறீங்க? சேவுகன்… சேவுகன்!”

வாளி கீழே உருண்டது. சேவுகன் அங்கே இல்லை.

தீபலட்சுமி அடுப்படித் தரையில் கிடந்தாள். நெற்றி ஜில்லென்று வேர்த்திருந்தது, நாடி கையில் சிக்கவில்லை. ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். என்ன சாப்பிட்டார்கள் என்று டாக்டரம்மா கேட்டபோது, கூட வந்த தெருக்காரர்கள் எல்லாரும் எலி டாக்டரின் வாயையே பார்த்தார்கள். “கஞ்சிதாங்க. ஒத்துக்கல போல,” என்றார்.

அடப் பாவி மனுஷா! அந்த நேரத்திலும் வாய் வரவில்லையே!

குளுக்கோஸ் பாட்டில் ஒன்று முடிந்தது. பிரஷர் ஏறவில்லை. இரண்டாவதை மாட்டினார்கள், அப்போதும் ஏறவில்லை. டாக்டரம்மாவின் முகம் மாறியதைப் பார்த்ததும் சேவுகன் உடைந்துபோனார். எல்லார் முன்னாலும் எல்லாவற்றையும் கொட்டினார். பொடி, கக்கூஸ், உப்பில்லாக் கஞ்சி.

“அரை மணி நேரமா இதச் சொல்லாம நின்னீங்களா?” என்று டாக்டரம்மா சீறினார். ஓடிப்போய் ஊசி எடுத்துவந்து போட்டார். அதுவும் ஸ்டீராய்டுதான்.

மூன்று மணிக்கு நாடி கையில் சிக்கியது. நாலரை மணிக்குத் தீபலட்சுமி கண் திறந்தாள். இனி பல மாதம் மாத்திரை, சுரப்பி எழுந்திருக்குமா என்பதைப் போகப் போகத்தான் சொல்ல முடியும் என்றார்கள். சேவுகன் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு விம்மினார். “என்ன மன்னிச்சிரு புள்ள.”

அவள் உதடு அசைந்தது. காதைக் கொண்டுபோனார்.

“ராபியா… அடுத்த வீட்டு ராபியாவப் பாத்தீகளா?”

“அவுகளுக்கென்ன இப்ப?”

“ரெண்டு பேரும் சேந்துதான அந்தப் பொடிய வாங்குவோம். நீங்க சொன்னீகன்னு அன்னைக்கே அவளையும் கொட்டச் சொல்லிட்டேன். கஞ்சியும் நாந்தான் சொன்னேன்.”

சேவுகன் ராபியாவின் கணவர் காஜா மைதீன் எண்ணைத் தேடி அழுத்தினார். நாலு முறை மணி அடித்ததும் காஜா மைதீன் எடுத்தார்.

“சொல்லு சேவுகா. தீபாவுக்கு எப்படி இருக்கு? இங்கிட்டு இவளுக்கும் நேத்தெல்லாம் வாந்தி. காலையில இருந்து அசந்து தூங்குறா. வெசம் எறங்குறப்ப அப்படித்தான் இருக்கும்னு நீ சொன்னியாமுல்ல, அதான் எழுப்பல.”

“எழுப்புங்க பாய்!” வார்டே திரும்பிப் பார்த்தது. “இப்பவே தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க. நான் தப்பாச் சொல்லிட்டேன் பாய், தப்பாச் சொல்லிட்டேன்!”

அந்தப் பக்கம் போன் தரையில் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு காஜா மைதீன் “ராபியா, ஏ ராபியா” என்று கூப்பிடுவது கேட்டது. அவர் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.