ம் கொட்டியது நான்தானா?

பேய், மாயம் என்று யாராவது பேச ஆரம்பித்தாலே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறவள் நான். விளக்கேற்றுவேன், விரதம் இருப்பேன், அதோடு சரி. நம்பினால் நம்புங்கள், இது எனக்கே நடந்தது.

கயல் என்று ஒரு பெண். முகம் பார்த்ததில்லை. கடல் தாண்டி, பனி கொட்டும் ஏதோ ஊரில் இருந்துகொண்டு தினமும் இணையத்தில் நாட்குறிப்பு எழுதுவாள். என்ன சமைத்தாள், வயிற்றுப் பிள்ளை எப்படி உதைத்தது, இப்படித்தான். நான் படித்த படிப்புக்குப் பெரிதாகக் கருத்து எழுத வராது, கீழே ‘ம்’ என்று மட்டும் போடுவேன். கதை சொல்கிறவருக்கு ம் கொட்டாமல் இருக்கலாமா, பாவமில்லையா?

“ஊரு பேரு தெரியாதவளுக்கு எதுக்குடி ம் கொட்டுற? எனக்கு ஒரு நாளாச்சும் கொட்டியிருக்கியா?” என்பார் வீட்டுக்காரர்.

“நீங்க எங்கங்க கதை சொல்றீங்க, அதட்டத்தானே செய்யிறீங்க” என்பேன்.

அன்று கொடும்பாளூர்ப் பக்கம் எங்கள் குலசாமிக்குப் பொங்கல் வைக்கப் போயிருந்தோம். என் போன் திரை உடைந்து பொன்னமராவதியில் ஒரு கடையில் கிடந்தது. படையல் முடிந்து புளியமர நிழலில் தலை சாய்த்தேன். கண் சொருகியதும் வெள்ளை வெளேரென்று ஓர் அறை, ஒரு பெண் தரையில் சாய்ந்து மெல்லப் பேசிக்கொண்டே இருக்கிறாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து ம், ம் என்கிறேன், சன்னலுக்கு வெளியே பஞ்சு மாதிரி என்னவோ விழுந்துகொண்டே இருக்கிறது.

“அடியே, தூக்கத்துல யாருக்கு ம் கொட்டுற?” என்று அவர் உலுக்கியபோது, அத்தனை வெயிலிலும் என் உள்ளங்கை சில்லிட்டுக் கிடந்தது.

போன் கைக்கு வந்ததும் பார்த்தேன். நான் புளியமரத்தடியில் கண்ணயர்ந்த அதே நேரத்தில் அங்கே கயலுக்குத் திடீரென்று வலி கண்டு ரத்தம் போயிருக்கிறது. கணவர் ஊரில் இல்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை கண்ணை மூடவே கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். தூங்கிவிடாமல் இருக்க ஒவ்வொரு வரியாக எழுதியிருக்கிறாள். ஒவ்வொரு வரிக்குக் கீழும், என் பெயரில், ‘ம்’. தாயும் பிள்ளையும் பிழைத்துவிட்டார்கள். ‘நீங்க கேக்குறீங்கன்னுதான் முழிச்சிருந்தேன் அக்கா’ என்று பிறகு எழுதியிருந்தாள்.

கடைக்காரரிடம் ஓடினேன். “யக்கா, பேட்டரியே தனியா கெடந்துச்சு, இதுல எவன் டைப் பண்றது?” என்று சிரித்தார். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. “கொட்டுடி, நல்லா கொட்டு” என்றார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. இப்போதெல்லாம் விளக்கேற்றி சாமியிடம் என் குறையைச் சொல்லும்போது, ஒவ்வொரு வரி முடிந்ததும் முதுகுக்குப் பின்னால் மெதுவாக ‘ம்’ என்று கேட்கிறது. நான் திரும்பியதே இல்லை. திரும்பினால் நின்றுவிடுமோ என்றுதான் பயம்.