இளைத்தவள் தூக்கிய எடை

மெட்டுகுடா ரயில்வே குடியிருப்புக்கு நாங்கள் மாறி வந்த புதிதில், காலையில் தள்ளுவண்டியில் காய்கறி கொண்டுவரும் பெண் என் வாசலில் நின்று ஒரு குரல் கொடுப்பாள்: "மோட்டி அம்மா, டமாட்டே லேலோ." தக்காளி வாங்கச் சொல்கிறாள் என்பது புரிந்தது. முதல் சொல்தான் புரியவில்லை. ஐதராபாத்தில் முத்துக் கடைகள் அதிகம். முத்துக்கு இங்கே மோத்தி என்று பெயர் என யாரோ சொல்லியிருந்தார்கள். அவளுக்கு நாக்கு கொஞ்சம் தடித்திருக்கிறது, என்னை முத்தம்மா என்று கூப்பிடுகிறாள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். அந்தச் சந்தோஷத்தில் தேவைக்கு மேலே அரைக் கிலோ வாங்கிய நாட்களும் உண்டு. மூன்று மாதம் கழித்து, இரண்டாம் வகுப்பில் இருந்த என் மகன் பாடப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான்: "மம்மி, மோட்டின்னா ஃபேட். ஷீ இஸ் காலிங் யூ ஃபேட்."

அந்தப் பெண்ணுக்கு என்மேல் எந்த இளக்காரமும் இல்லை. கண்ணாடி போட்டவரைக் கண்ணாடிக்காரர் என்பதுபோல அவளுக்கு நான் குண்டம்மா, அவ்வளவுதான். ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு அது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பாளையங்கோட்டையில் ஒரு பெண் தடித்தால் "பூசினாப்புல இருக்கா" என்பார்கள். அது அவள் வாழப் போன வீட்டுக்குக் கிடைக்கும் நற்சான்று. இளைத்துப் போனால்தான் விசாரணை: சாப்பாடு போடவில்லையா, அடிக்கிறானா, என்ன வியாதி? எடையைப் பற்றி இரண்டு ஊருக்கும் இரண்டு அகராதி இருப்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

என் கணவருக்கு ரயில்வேயில் வேலை. மௌலா அலிப் பக்கம் இருந்த ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் நான் டைப்பிஸ்ட். அலுவலகம் இரண்டாம் மாடி. நாற்பது வயதில் அந்தப் படிகளை ஒரே மூச்சில் ஏற முடியாமல் நடுவில் நின்று, ஜன்னலை வேடிக்கை பார்ப்பதுபோல் பாவனை செய்ய ஆரம்பித்தேன். தொழிற்சாலை மருந்தகத்து டாக்டர் என்னை எடை இயந்திரத்தில் ஏற்றினார். எண்பத்தாறு கிலோ. சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, முட்டி தேய்கிறது, இருபது கிலோ குறைக்க வேண்டும் என்றார். எப்படிக் குறைப்பது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன். சோற்றை விட்டேன். காலையில் கஞ்சி, மத்தியானம் ஒரு சப்பாத்தி, இரவில் மோர். நாலு மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்தது. தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. கன்னம் ஒட்டியது, வயிறு அப்படியே இருந்தது. ஒரு நாள் டைப்ரைட்டர் மேலேயே மயங்கி விழுந்தேன். எதிர்மேசைக்காரர் முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினார்.

எங்கள் குவார்ட்டர்ஸை ஒட்டிய வீட்டில் யாதம்மா இருந்தாள். என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். குண்டு எறிதல் போட்டிகளில் ஜெயித்து ரயில்வேயில் வேலை வாங்கியவள். இரண்டு வனஸ்பதி டின்களில் சிமெண்டை ஊற்றி, ஓர் இரும்புக் கம்பியின் இரு முனைகளிலும் பதித்து வைத்திருப்பாள். காலை ஆறு மணிக்கு இரண்டு வீட்டுக்கும் பொதுவான முற்றத்தில் அதைத் தூக்கி இறக்குவாள். மயங்கி விழுந்த மறுநாள் நான் தண்ணீர் வாளியைத் தூக்க முடியாமல் தரையில் இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, நீக்கு கண்ட போயிந்தி."

எனக்குக் கண்டம் என்று கேட்டது. உயிருக்கே ஆபத்து என்கிறாளோ என்று வாளியை அப்படியே வைத்துவிட்டேன். அவள் என் மேல்கையைப் பிடித்து, தொங்கும் தோலை அசைத்துக் காட்டினாள். கண்ட என்றால் தெலுங்கில் தசை. குவார்ட்டர்ஸ் தமிழர்களிடம் பொறுக்கிய தமிழில் அவளே விளக்கினாள்: "கொழுப்பு போகலே அக்கா. கறி போச்சு. சாப்பிடாம இருந்தா ஒடம்பு கறியைத் தின்னும். நீ சாப்பிடு. தூக்கு. அப்போ கொழுப்பு போகும்."

மறுநாளிலிருந்து நான் அவள் மாணவி. முதல் மாதம் முழுக்க ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து எழுவது மட்டும். பிறகு கையில் ஒவ்வொரு செங்கல். பிறகு வெறும் கம்பி. கடைசியாக டின்கள், சிறியவை முதலில். குனியும்போது முதுகு வளையக் கூடாது, முட்டியை மடக்கு, எடையை ஒடம்புக்குப் பக்கத்தில் வை, மூச்சைப் பிடி: இந்த நான்கையும் அவள் தினமும் சொன்னாள். அரை வயிறாவது சோறு, இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் பருப்பு என்று சாப்பாட்டையும் அவளே வகுத்தாள். என் கணவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "கதவைச் சாத்திக்கிட்டுச் செய்யேன்" என்றார். முற்றத்துக்குக் கதவு இல்லை என்றேன்.

மூன்று மாதம் எடை இயந்திரம் அசையவே இல்லை. எழுபத்தேழு, மறுபடியும் எழுபத்தேழு, ஒரு தடவை எழுபத்தெட்டு. மருந்தகக் கம்பவுண்டர் எனக்கு மனவுறுதி பற்றி ஒரு பிரசங்கம் செய்தார். சேலை வேறு கணக்குச் சொன்னது. ஐந்து மடிப்பு கொசுவம் வைத்த இடத்தில் அதே சேலையில் ஏழு வந்தது. ரவிக்கை இடுப்பில் தொளதொளத்தது, மேல்கையில் இறுக்கியது. நாற்காலியிலிருந்து மேசையில் கை ஊன்றாமல் எழுந்தேன். கழுத்தெலும்பு தெரிந்தது, தோள் அகன்று முதுகு நிமிர்ந்தது. ஒன்றரை வருடத்தில் எழுபதுக்கு வந்தேன். கண்ணாடியில் தெரிந்தவள் கல்யாணத்தின்போது இருந்த ஒல்லிப் பெண் அல்ல. அவளை நான் அதற்கு முன்பு பார்த்ததே இல்லை. இரண்டாம் மாடிக்கு நிற்காமல் ஏறினேன். ஜன்னலுக்கு வெளியே என்ன இருந்தது என்பதே மறந்துவிட்டது.

அந்த நிலையில்தான் ஊருக்குப் போனேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஓர் ஆண்டு ஆகியிருந்தது. இடது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. அம்மா முன்பே இறந்துவிட்டதால் தம்பி தங்கராஜும் அவன் மனைவி ஸ்டெல்லாவும்தான் பார்த்துக்கொண்டார்கள். நான் ஆட்டோவிலிருந்து இறங்கியதும் ஸ்டெல்லா என் பெட்டியை வாங்க வந்தவள், வாங்காமல் நின்றுவிட்டாள். "என்ன மதினி, இப்படி உருக்குலைஞ்சு போயி வந்திருக்கீங்க" என்றாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவதற்குள் எனக்குப் புற்றுநோய் என்பது கோவில் முழுக்கத் தெரிந்திருந்தது. அன்று மாலை ஜெபக் குழுப் பெண்கள் ஆறு பேர் வீட்டுக்கு வந்தார்கள்.

வியாதி எதுவும் இல்லை, எடை தூக்குகிறேன், அதனால்தான் என்றேன். அவர்களில் மூத்தவர் என் உள்ளங்கையில் காய்த்திருந்த தடிப்பைத் தடவிப் பார்த்தார். "சுமை தூக்குதியா? ஆபீஸ் வேலைன்னுல்லா சொன்னாவ" என்றார். வேலைக்கில்லை, உடற்பயிற்சிக்கு என்று விளக்கினேன். அவர் மற்றவர்களைப் பார்த்தார். நான் புருஷனைக் காட்டிக்கொடுக்காமல் மறைப்பதாக அந்தப் பார்வை சொன்னது. பிறகு முழங்கால் போட்டு என் சரீரத்தை உருக்கும் நோய்க்காகவும், அந்நிய பட்டணத்தில் என் கணவரின் மனம் இளகுவதற்காகவும் உருக்கமாக அழுது ஜெபித்தார்கள். நானும் கண்ணை மூடி ஆமென் சொன்னேன். அவர்கள் அழுதது பொய்யில்லை. ஐதராபாத்தில் எனக்காக அப்படி அழ யாருமில்லை என்பதும் அப்போது ஞாபகத்துக்கு வந்தது.

அப்பாவைத் தினமும் காலைக்கடனுக்காகக் கட்டிலிலிருந்து துளை போட்ட நாற்காலிக்கு மாற்ற இரண்டு பேர் வேண்டும். தம்பி தோள் பக்கம், அடுத்த வீட்டுச் செல்லையா கால் பக்கம். செவ்வாய்க்கிழமை செல்லையா வரவில்லை. தம்பி காத்திருந்து பார்த்துவிட்டு, ஆளைக் கூட்டி வருகிறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியராக இருந்தவர். அவசரம் என்று மகளிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வலது கையால் போர்வையை விலக்கினார், மறுபடியும் இழுத்து மூடிக்கொண்டார்.

"நான் தூக்குதேன்பா" என்றேன்.

"ஒன்னால ஆவாது மணி. கீழ போட்டுருவ."

"போட மாட்டேன். கைய என் கழுத்துல போடுங்க."

அவரை உட்கார்த்திக் கட்டில் ஓரத்துக்கு நகர்த்தினேன். முட்டியை மடக்கி, அவர் மார்போடு என் மார்பை ஒட்டி, முதுகுக்குப் பின்னால் என் இரண்டு கைகளையும் கோத்தேன். மூச்சைப் பிடித்து எழுந்தேன். அவர் ஐம்பது கிலோ இருந்திருப்பார். அந்த அளவு எடை எனக்குப் பழக்கம். ஆனால் கம்பி நடுங்காது, அப்பா நடுங்கினார். அவருடைய தாடி என் கழுத்தில் உரசியது. நினைவு தெரிந்து அவர் என்னை அணைத்ததில்லை. அது எங்கள் வீட்டு வழக்கமும் இல்லை. இரண்டு எட்டு வைத்துத் திரும்பி, நாற்காலியில் சத்தமில்லாமல் இறக்கினேன். அப்பா கண்ணைத் திறந்து தான் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்த்தார். மறுநாள் செல்லையா வந்தபோது, "நீ போடே, மணி இருக்கால்லா" என்று அனுப்பிவிட்டார்.

பதினோரு நாள் நான் தூக்கினேன். ஸ்டெல்லா சமையலறை வாசலில் நின்று பார்ப்பாள். நோயைப் பற்றி அவள் பிறகு பேசவில்லை. ஜெபக் குழு மட்டும் இன்னும் ஒரு முறை வந்து போனது. புறப்படுவதற்கு முந்தைய மாலை அப்பா கேட்டார்: "ஒங்க ஊர்ல பொம்பளைய எல்லாம் இப்படித்தானா?" ஒங்க ஊர் என்று அவர் ஐதராபாத்தைச் சொன்னார். மெட்டுகுடாவில் எல்லாரும் பாளையங்கோட்டையை அப்படிச் சொல்வார்கள். இல்லை அப்பா, அங்கேயும் நானும் இன்னொருத்தியும்தான் என்றேன். அவர் சிரித்தார். பிறகு, "லீவைக் கூட்டிக் கேட்டாத் தர மாட்டாவளோ?" என்றார். ஏற்கெனவே ஒரு வாரம் நீட்டியிருந்தேன். பிள்ளைகளுக்குப் பரீட்சை. "தர மாட்டாவப்பா" என்றேன். அவர் தலையாட்டினார். தம்பியைக் கூப்பிட்டு முட்டியை மடக்குவதையும் மெதுவாக இறக்குவதையும் செய்து காட்டினேன். சரி சரி என்றான். இரண்டு மாதம் கழித்து அவன் எழுதிய கடிதத்தின் கடைசியில் ஒரு வரி இருந்தது: நாங்கள் இறக்கும்போது அப்பாவுக்கு வலிக்கிறதாம், அக்கா எப்படிச் செய்தாள் என்று கேட்கிறார்.

காலை ஆறு மணிக்கு முற்றத்தில் கம்பியைப் பிடிக்கும்போது அங்கேயும் ஆறு மணி. தம்பியும் செல்லையாவும் கட்டிலின் இரு பக்கமும் நின்றுகொண்டிருப்பார்கள். நான் எழுகிறேன், நிற்கிறேன், டின்கள் தரையைத் தொடும் சத்தம்கூடக் கேட்காதபடி மெல்ல இறக்குகிறேன். அடுத்த முறைக்குக் காத்திருக்கும் யாதம்மாவுக்குப் பொறுமை போய்விடும். "சிமெண்டுக்கு நொப்பி லேஸ்ததா, அக்கா?" என்பாள், சிமெண்டுக்கு வலிக்குமா என்று. "போடு, சும்மா போடு."

"நக்கோ" என்பேன். வேண்டாம் என்பதற்கு இப்போதெல்லாம் அந்தச் சொல்தான் என் வாயில் முதலில் வருகிறது. கை மட்டும் இன்னும் மெதுவாகவே இறங்கும்.