நர்ஸிங் விண்ணப்பமும் அக்காவின் வயிற்றுப்புண்ணும்

வயோதிபர் இல்லத்தில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். குளிக்க வார்ப்பேன், சாப்பாடு தீத்துவேன், உடுப்பு மாற்றுவேன், கழுவித் துடைப்பேன். ஆனால் ஊசி மருந்து இருக்கும் தட்டைத் தொட எனக்கு உரிமையில்லை. யாருக்காவது வலி கூடினால் நர்ஸைத் தேடி ஓட வேண்டும். நர்ஸ் வேறொரு அறையில் மாட்டுப்பட்டிருந்தால், வலிக்கிற மனிசரின் கையைப் பிடித்துக்கொண்டு 'கமிங், கமிங்' என்று சொல்லியபடி நிற்க வேண்டும். நாற்பத்தாறு வயதில் நர்ஸிங் டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கத் துணிந்தது அந்தக் 'கமிங்' சலித்துப்போனதால்தான் என்று எல்லோருக்கும் சொன்னேன். அது பாதிக் காரணம். மற்றப் பாதியை நான் எனக்கே சொல்லாமல் வைத்திருந்தேன்.

கல்லூரி வீட்டிலிருந்து காரில் இருபது நிமிடம். நாங்கள் இருப்பது மெல்பேர்ணின் கிரான்பர்னில். விளக்கக் கூட்டத்துக்குப் போனால், சுற்றிவர என் மகளின் வயதுப் பிள்ளைகள். நான் உள்ளே நுழைந்ததும் ஒருத்தி எழும்பித் தன் கதிரையைத் தந்தாள். யாரோ ஒரு பிள்ளையின் தாய் துணைக்கு வந்திருக்கிறா என்று நினைத்திருப்பாள். நான் மறுக்காமல் இருந்துகொண்டேன். அன்று காலைதான் வேலை முடித்து வந்தவள், கால் உளைந்தது.

அவர்கள் கேட்ட பத்திரங்களைப் பார்த்தால், என் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பொருத்தம் பார்க்கவில்லை. பொலிஸ் சான்றிதழ், பிள்ளைகளோடு வேலை செய்யும் அனுமதி, முதலுதவிச் சான்றிதழ், பிறந்ததிலிருந்து போட்ட தடுப்பூசி விபரம். எனக்குச் சின்னமுத்து ஊசி போட்டது எப்போது என்று யாருக்குத் தெரியும்? அந்த அட்டை, வீடு, வீட்டோடு நின்ற முருங்கை எல்லாம் போரில் ஒரே நாளில் போனவை. குடும்ப டொக்டர் சிரித்தார். "இரத்தத்தில் எல்லாம் எழுதியிருக்கும், கவலைப்படாதீங்கோ" என்று ஆறு சின்னக் குழாய்களில் எடுத்து அனுப்பினார். வன்னியில் தொலைந்த அட்டையை மெல்பேர்ண் ஆய்வுகூடத்தில் கண்டுபிடித்துத் தந்தார்கள். ஒரே ஒரு ஊசிதான் மிச்சம் இருந்தது. போட்டுக்கொண்டேன்.

அடுத்தது நுழைவுப் பரீட்சை. ஆங்கிலம் ஒரு பகுதி, கணக்கு ஒரு பகுதி. கணக்குச் சொல்லித்தந்தவள் பதினேழு வயதான என் மகள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், கோபம் வந்தால் மட்டும் தமிழுக்கு வருவாள். குசினி மேசையில் என்னை இருத்தி, "ஐந்து மில்லிலீற்றரில் இருநூற்றைம்பது மில்லிகிராம் மருந்து. நோயாளிக்கு நானூறு வேணும். எத்தனை மில்லிலீற்றர்?" என்று கேட்டாள். எட்டு என்றேன். எப்படி என்று கேட்டாள். சோற்றுக்குத் தண்ணீர் விடுகிற மாதிரித்தான், கை சொல்லும் என்றேன். தலையில் அடித்துக்கொண்டாள். "கை சொன்னால் மாக்ஸ் தரமாட்டினம் அம்மா! வழியை எழுதுங்கோ." மூன்று மாதம் வழி எழுதினேன். பரீட்சையில் தேறினேன். அன்று மகளுக்குப் பிடித்த ஆட்டிறைச்சிக் கறி.

மிச்சம் இருந்தது நேர்முகம் மட்டும். நாற்பது இடத்துக்கு நேர்முகத்துக்குக் கூப்பிட்டவர்கள் அதைவிட எத்தனையோ மடங்கு என்று கேள்விப்பட்டேன். அந்த இடம் எனக்கு வேண்டும். இந்த வருடம் தவறினால் திரும்பத் துணிய எனக்குத் தைரியம் வராது என்பது நன்றாகத் தெரியும். பழகிப் பார்க்கச் சில மாதிரிக் கேள்விகளை அனுப்பியிருந்தார்கள். ஒரு ஞாயிறு பின்னேரம் மகள் எனக்கு எதிரே கதிரையைப் போட்டு, முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான்காவது கேள்வி இது: "நோயாளிக்கு ஆங்கிலம் தெரியாது. கூட வந்த குடும்பத்து ஆள் மொழிபெயர்க்கிறார். டொக்டர் சொல்வதை அவர் முழுதாகச் சொல்லவில்லை என்று உங்களுக்குச் சந்தேகம். என்ன செய்வீர்கள்?"

எனக்கு விடை தெரியும். பொறுப்பான நர்ஸுக்கு அறிவிப்பேன், பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்யச் சொல்வேன், தன் நோயைத் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை. தண்ணி பட்டபாடாகச் சொல்லிவிட்டு மகளைப் பார்த்தேன். அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா," என்றாள், தமிழில். "நானும் அண்டைக்கு அந்த ரூமுக்குள்ள இருந்தனான்."

"வாயை மூடு" என்றேன். எழும்பிப் போய்க் குழாயைத் திறந்து, கழுவிய கோப்பைகளையே திரும்பக் கழுவினேன்.

அந்த அறையைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். மூன்று வருடத்துக்கு முன், எங்களோடு இருந்த என் அக்காவுக்குச் சாப்பாடு இறங்காமல், உடம்பு மெலிந்து, கண் மஞ்சளாகிப்போனது. ஆஸ்பத்திரியில் எல்லாப் படமும் எடுத்தார்கள். முடிவு சொல்லும் நாளன்று அக்கா, நான், அன்று பள்ளிக்கூட விடுமுறை என்பதால் மகள், மூவரும் டொக்டரின் அறையில் இருந்தோம். தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடவா என்று டொக்டர் முதலிலேயே கேட்டார். அதைச் சொன்னதும் அக்கா என் கையைக் கிள்ளினா. "வெளி ஆக்களை விடாதை. நாளைக்குக் கோயில்ல என்ர குடலைப் பற்றித்தான் கதைப்பினம்." தேவையில்லை, நான் இருக்கிறேன் என்று டொக்டரிடம் சொன்னேன்.

அவர் மெதுவாக, என் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார். கணையத்தில் புற்றுநோய். ஈரலுக்கும் பரவிவிட்டது. சுகப்படுத்த வழியில்லை, வலி தெரியாமல் பார்க்கலாம். ஆறு மாதம் இருக்கலாம், குறையவும் கூடும்.

"என்னவாமடி?" என்று அக்கா கேட்டா.

"வயித்தில புண்ணாம் அக்கா. கொஞ்சம் பெரிய புண். மருந்து தருவினமாம்."

எங்கள் ஆட்கள் சொல்ல மாட்டார்கள். எங்கள் அப்பாவுக்கும் சொல்லவில்லை, மாமாவுக்கும் சொல்லவில்லை. நோயாளியின் காதில் அந்தச் சொல் விழுந்தால் பாதி உயிர் அங்கேயே போய்விடும் என்பார்கள். அன்று நானும் அதை நம்பினேன். அன்பு என்று நினைத்துத்தான் செய்தேன், அதில் பொய்யில்லை.

அக்கா புண்ணை நம்பினா. சின்னதாகச் சிரித்துவிட்டு, "எவ்வளவு நாளில சுகம் வருமெண்டு கேள்" என்றா. டொக்டர் பேனையை வைத்துவிட்டு அக்காவின் கேள்விக்காக என்னைப் பார்த்தார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "உங்களுக்கு நன்றி சொல்லுகிறா."

மகளுக்கு அப்போது பதினாலு வயது. அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்த மற்ற ஆள் அவள் மட்டும்தான். அவள் என்னைப் பார்த்தது எனக்குத் தெரியும். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அதன்பிறகு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். வீட்டுக்கு வரும் நர்ஸை வாசலிலேயே மறித்து, அந்தச் சொல்லை உள்ளே சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினேன். ஒருத்தி சம்மதிக்காமல், அக்காவுக்குக் கேள்விகள் இருக்கலாம் என்றாள். அவவுக்குக் கேள்வி ஒன்றும் இல்லை என்று அவளுக்கும் சொன்னேன்.

அக்காவுக்கு ஒரே மகன், கனடாவில். புருசனைச் சண்டைக்குப் பறிகொடுத்துவிட்டுத் தனியே வளர்த்த பிள்ளை. அவன் தன் விருப்பத்துக்குப் பதிவுத் திருமணம் செய்துவிட்டு, முடிந்தபிறகு படம் அனுப்பினான். அக்கா அன்றோடு அவனோடு கதைப்பதை விட்டா. நான் அவனுக்குப் போன் எடுத்து, அம்மாவுக்குப் புற்றுநோய் என்றேன். அம்மாவுக்குத் தெரியுமா என்று அவன் கேட்டான். "டொக்டர் எல்லாம் விளங்கப்படுத்தினவர்" என்றேன். தெரியாது என்று சொன்னால் அவன் போனில் அழுது உண்மையைக் கொட்டிவிடுவான் என்று பயம். அவன் அம்மாவுக்கு மூன்று முறை எடுத்தான். மூன்று முறையும் அக்கா போனைப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தா. "இந்தப் புண் மாறட்டும். பிறகு நானே எடுத்து நல்ல கிழி கிழிக்கிறன். பிறகு அவளோடையும் கதைக்கிறன், என்ன செய்யிறது" என்றா.

ஆறு மாதம் என்றார்கள், ஒன்பது கிழமைதான் இருந்தா. அவன் டிக்கெட் போட்டது செத்தவீட்டுக்கு. தகனச்சாலையில் கொள்ளிக்குப் பதிலாகப் பொத்தானை அழுத்திவிட்டு, நாலாம் நாள் திரும்பிப் போனான். அவன் ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

கோப்பைகள் கழுவி முடிந்தபோது மகள் பின்னால் வந்து நின்றாள். "நான் பெரியம்மாவுக்குச் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்தால வந்து அவவுக்குப் பக்கத்திலதானே இருந்தனான்" என்றாள். மூன்று வருடமாக என் பிள்ளை இதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள். பாவி, இதையும் அல்லவா செய்து வைத்திருக்கிறேன்! "உன்னில பிழையில்லை, பிள்ளை" என்று கட்டிக்கொண்டேன்.

நேர்முகத்தில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூத்தவர் நாற்பது வருடம் நர்ஸாக இருந்தவராம். ஏன் நர்ஸிங் என்று கேட்டார்கள், 'கமிங்' கதையைச் சொன்னேன், சிரித்தார்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு மூத்தவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

பொறுப்பான நர்ஸுக்கு அறிவிப்பேன் என்று தொடங்கினேன். அடுத்த வசனம் வரவில்லை. பாடமாக்கியதைச் சொல்லிவிட்டு இடத்தை வாங்கிக்கொண்டு போகலாம், ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் மகள் வெளியே காரில் இருந்தாள். எப்படிப் போனது என்று கேட்பாள்.

"அந்தக் குடும்பத்து ஆள் நான்தான்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், 'நன்றி சொல்லுகிறா' என்றது வரைக்கும். என் ஆங்கிலம் இடையில் பல தடவை உடைந்தது. இளையவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"அந்த அறையில் நீங்கள் நர்ஸாக இருந்திருந்தால், உங்களை என்ன செய்திருப்பீர்கள்?" என்று மூத்தவர் கேட்டார்.

"வெளியே அனுப்பியிருப்பேன்" என்றேன். "பிறகு பின்னால் போய், நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டிருப்பேன். ஏனென்றால் நான் கெட்டவள் இல்லை, பயந்தவள்."

அவர் தலையாட்டினார். "உங்கள் அக்காவின் மகனுக்கு இது தெரியுமா?"

"இல்லை."

அவர் தாள்களை அடுக்கி வைத்து, நேர்முகம் முடிந்தது என்றார். இடம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு காருக்கு வந்தேன். மகள் என் முகத்தைப் பார்த்தாள். சொன்னேன் என்றேன். கார் ஓடப் பழகிக்கொண்டிருந்தவள், சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

இரண்டு கிழமை கழித்து, வேலையிடத்துச் சாப்பாட்டு அறையில் இருக்கும்போது ஈமெயில் வந்தது. இடம் கிடைத்திருக்கிறது, ஐந்து நாளுக்குள் ஏற்றுக்கொள்கிறேன் என்ற பொத்தானை அழுத்த வேண்டும். பக்கத்தில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். எனக்கு அழுகைதான் வந்தது. ஆனால் பொத்தானை அழுத்தக் கை வரவில்லை. ஒருநாள், இரண்டுநாள், மூன்றுநாள். அந்தக் கேள்விக்கு உண்மை சொல்லித்தான் இந்த இடம் கிடைத்தது. உண்மையைக் கேட்க உரிமையுள்ள ஆளோ கனடாவில் இருந்தான். முன்பின் தெரியாத இரண்டு பெண்களுக்குச் சொன்னதை அவனுக்குச் சொல்லாமல் அந்த வெள்ளைச் சட்டையை எப்படிப் போடுவது?

நாலாம் நாள் காலை அவனுக்கு எடுத்தேன். அங்கே முதல்நாள் இராச்சாப்பாட்டு நேரம். பின்னால் ஒரு குழந்தையின் சத்தம் கேட்டது. மகள் என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"தம்பி, நான் உனக்கொரு விசயம் சொல்ல வேணும். இடையில ஒண்டும் கேளாதை, சொல்லி முடிக்க விடு."

சொன்னேன். புண் என்று சொன்னதை, டொக்டரிடம் மாற்றிச் சொன்னதை, நர்ஸை வாசலில் மறித்ததை. "அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. சுகம் வந்த உடன உன்னோட கதைக்கிறன் எண்டுதான் சொல்லிக்கொண்டிருந்தவா. உன்ர மனிசியோடையும் கதைக்கிறன் எண்டவா. நான்தான் சொல்லேல்லை. என்னை ஏசு, தம்பி. எவ்வளவெண்டாலும் ஏசு."

குழந்தையின் சத்தம் தூரப் போனது. ஏதோ ஒரு கதவு சாத்தப்பட்டது. ஏசுவான் என்று காத்திருந்தேன். அவன் அழுதுகொண்டிருந்தான்.

"சின்னம்மா," என்றான். "சாகப்போறன் எண்டு தெரிஞ்சும் அம்மா என்ர போனை எடுக்கேல்லை எண்டெல்லோ நான் இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தனான்."