‘சொந்தம்’ என்று எழுதிய டிஸ்க்

எங்கள் அலுமாரியின் மேல்தட்டில், பழைய சான்றிதழ்களுக்குக் கீழே, ஒரு பிளாப்பி டிஸ்க் கிடக்கிறது. லேபிளில் என் கையெழுத்தில் ‘சொந்தம்’ என்று இருக்கிறது. உள்ளே ஒன்றுமில்லை. அதை வெறுமையாக்கி என் கையில் கொடுத்தவர் எங்கள் மேனேஜர் ஐயா.

கண்டி டவுனில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தக் கொம்பியூட்டர் ஒஃபிஸ். கம்பளையிலிருந்து பஸ்ஸில் நசுங்கிப் போய், கடைகளுக்குப் பில் போடும் புரோகிராம் எழுதினேன். அப்போதைய பிரின்டருக்குத் தமிழ் தெரியாது. சாப்பாட்டு நேரங்களில் சதுரக் கட்டத் தாளில் புள்ளி புள்ளியாகத் தமிழ் எழுத்துகளை வரைந்து, அவற்றை அச்சிட நானாகவே ஒரு புரோகிராம் எழுதினேன். ஐயா பார்த்துவிட்டு, “தமிழ்ல யாரு மிஸ் பில் கேக்கிறாங்க?” என்று சிரித்தார். அவருக்குச் சிரிப்பு மட்டும் தாராளமாக வரும்.

பிறகு புதிய கொம்பைலர் வந்தது. நாங்கள் எழுதுவதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தருவது அதுதான். புதியதைப் போட்டால் பழையது இருந்த ஃபோல்டர் முழுவதும் அழிந்துவிடும். நாங்களோ சோம்பலில், எழுதியதையெல்லாம் அதற்குள்ளேயே கொட்டி வைத்திருந்தோம். “கொம்பைலரோட வந்தது வேற, நம்ம எழுதினது வேற. பிரிச்சு வைங்க மிஸ்” என்றார் ஐயா.

பிரித்தேன். ஒஃபிஸ் வேலைக்கு ஒரு ஃபோல்டர், என் தமிழ் எழுத்துகளுக்கு இன்னொன்று. பெயரை எட்டு ஆங்கில எழுத்துக்குள் வைக்க வேண்டிய காலம். சொந்தம் ஏழிலேயே அடங்கியது. எனக்கு அதில் ஒரு சந்தோஷம். நான் வாங்கிய டிஸ்க் ஒன்றிலும் பிரதி எடுத்தேன். ‘ழ’வின் கால் ஒரு புள்ளி குட்டையாக இருந்தது கண்ணில் பட்டது. டிஸ்க்கில் இருந்த பிரதியில் மட்டும் அதைத் திருத்தினேன்.

மாலையில் ஐயா திரையைப் பார்த்தார். “ஒஃபிஸ் மெஷின்ல என்ன மிஸ் சொந்தம்?” என்று கேட்டு, ஃபோல்டருக்குக் கம்பனியின் பெயரை வைத்தார். டிஸ்க்கையும் வாங்கி என் கண் முன்னாலேயே அழித்தார். “டிஸ்க் நீங்க வாங்கினது. அத நீங்க கொண்டு போங்க” என்று நீட்டினார். வாங்கிக்கொண்டேன். அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டேன்.

கலந்து கிடந்தவரை எந்த ஃபைல் என்னுடையது என்று அவருக்குத் தெரியாது. பிரித்து, பெயரும் வைத்து, வெற்றிலை பாக்கு வைக்காத குறையாக நானே எடுத்துக் கொடுத்தேன். திரும்ப எழுதியிருக்கலாமே என்பார்கள். எழுதத் தெரியும்தான். வயிறு எரிந்துகொண்டிருக்கும்போது கை ஓடுவதில்லை.

வருடங்கள் கழித்து, பிலிமத்தலாவையில் ஒரு கடையில் பில்லை நீட்டினார்கள். ‘வாழைப்பழம்’ என்று தமிழில் அச்சாகியிருந்தது. இரண்டு ‘ழ’வுக்கும் கால் குட்டை.

“தமிழ்லயே பில் வருதே” என்றேன்.

“ஆமாங்க. கண்டியில ஒரு ஐயா தமிழ் மேல உள்ள பாசத்துல செஞ்சாராம்” என்றார் கடைக்காரர்.

பில்லை அங்கேயே கசக்கிப் போட்டுவிட்டு வந்தேன். டிஸ்க்கைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. அந்த ‘ழ’ நேராக நின்றது இதில் மட்டும்தான்.