வாசல்படி தாண்டாத இருவர்

நாங்கள் ஒரு சின்ன நாயைக் கேட்டுத்தான் போனோம். வண்டலூர் தாண்டியிருந்த அந்த நாய்கள் காப்பகத்தில், கன்றுக்குட்டி அளவில் ஓர் ஆண் நாயும் ஒரு பெண் நாயும் ஒன்றன் முதுகில் ஒன்று தலை வைத்துப் படுத்திருந்தன. ஒரே வீட்டில் வளர்ந்து, அந்த வீட்டார் காலி செய்தபோது தெருவில் விடப்பட்டவை.

"பிரிச்சா ரெண்டும் சாப்பிடாதுங்க. எடுத்தா ரெண்டையும் எடுங்க," என்றார் காப்பகத்து மேடம். "ஞாயித்துக்கிழமை வந்து பார்ப்பேன். உங்க வீடு ஒத்துவரலைன்னா கூட்டிட்டுப் போயிடுவேன்."

யோசித்துச் சொல்கிறோம் என்று நான் வாயெடுப்பதற்குள் என் கணவர் கார்க் கதவைத் திறந்துவிட்டார்.

எங்களுக்கு இரண்டு வயதில் ஒரு மகள். முதல் சில நாட்கள் குழந்தைக்கும் நாய்களுக்கும் நடுவில் போக்குவரத்துப் போலீஸ் மாதிரி நின்றேன். ஒரு மத்தியானம் அவள் பெண் நாயின் வயிற்றில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மூச்சு வருகிறதா என்று அவளைத் தொட்டுப் பார்த்தேன். பிறகு, இவள் பாரத்தில் நாய்க்கு மூச்சு வருகிறதா என்று அதையும் தொட்டுப் பார்த்தேன். அன்றிலிருந்து என் பயம் திசை மாறியது. மேடம் வந்து இவற்றைக் கூட்டிப் போய்விடுவாரோ என்று பயந்தேன்.

தாம்பரத்தில் எங்கள் தெருவே வேடிக்கை பார்த்தது. "இன்னாம்மா, குதிரையா வாங்கியாந்துகீறீங்க?" என்றார் எதிர்வீட்டு அக்கா. இதைப் போனில் மாமியாரிடம் சொன்னது என் தப்பு.

"ஊரே பார்க்குதுங்கற. கண்ணு படாதா? முதல்ல வாசல்ல ஒரு திருஷ்டி பொம்மை கட்டும்மா."

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் கட்டாமல் விட்டு, ஏதாவது ஆகிவிட்டால்? சனிக்கிழமை மத்தியானம் மார்க்கெட்டுக்குப் போனேன். நாய்கள் பெரியவை என்பதால் பொம்மையையும் பெரிதாகவே வாங்கினேன். பிதுங்கிய கண், முறுக்கு மீசை, தொங்கும் நாக்கு. நிலைக்கு மேலே கட்டியாயிற்று.

அன்று சாயங்காலம் நடை போய்விட்டு வந்த நாய்கள் வீட்டுக்குள் வரவில்லை. படியருகே பெண் நாய் உட்கார்ந்தது. அதைப் பார்த்து ஆணும் உட்கார்ந்தது. இழுத்துப் பார்த்தோம், எங்களுக்குத்தான் மூச்சு வாங்கியது. காலையில் குழந்தையின் இட்லியைப் பிடுங்கியதற்கு நான் திட்டியது ஞாபகம் வந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"சாரிடா, இட்லி விஷயத்தை மறந்துடுங்க."

எதிர்வீட்டு அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். "நாய் கையில மன்னிப்பு கேக்குறியே, உன் மாமியார் கையில கேட்டுகீறியா?"

இரண்டும் கார் நிறுத்துமிடத்திலேயே படுத்துக்கொண்டன.

மறுநாள் காலையில் மேடம் வந்தபோதும் அங்கேயே உட்கார்ந்திருந்தன. அவர் முகம் மாறியது. "உள்ளே விடறதில்லையா?"

"விடறோம் மேடம். அதுங்கதான் வரமாட்டேங்குது."

"பிடிக்காத வீட்ல பெரிய நாய் இப்படித்தான் பண்ணும்," என்றபடி தன் காரிலிருந்து கழுத்துப் பட்டைகளை எடுத்தார்.

அழுகையை மறைக்க, காபி போடுகிறேன் என்று மகளைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். வாசலில் அவள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நேற்று சாயங்காலத்திலிருந்தே அப்படித்தான் செய்தாள். நான் சளி என்று நினைத்து மருந்து கொடுத்திருந்தேன். திரும்பிப் பார்த்தேன். நாய்கள் இரண்டும் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தன.

"ஏங்க, ஸ்டூல் எடுத்துட்டு வாங்க," என்றேன்.

கணவர் பொம்மையைக் கழற்றிக் கார் டிக்கியில் போட்டு மூடினார். பெண் நாய் எழுந்து நிலையை அண்ணாந்து பார்த்தது. அடுத்த நொடி இரண்டும் ஒரே சமயத்தில் உள்ளே பாய்ந்து, நிலைக்கு நடுவில் தோளோடு தோள் சிக்கிக்கொண்டன. மேடம்தான் பின்னாலிருந்து தள்ளிவிட்டார். கழுத்துப் பட்டைகளைத் திரும்பக் காரில் வைத்துவிட்டு, "காபி போடறேன்னீங்களே," என்றார்.

சாயங்காலம் மாமியார் போன் செய்தார். "வாசல்ல கட்டினியாம்மா?"

படியில் நீட்டிப் படுத்திருந்த இரண்டையும் பார்த்தேன்.

"வாசல்லதான் இருக்கு அத்தை. ஒண்ணுக்கு ரெண்டா."