எமரி ஷேடில் காட்டுக்குக் குடிபோன கதை

எமரி ஷேடில் வேட்டை வார்டனோடு மல்லுக்கு நின்றதற்குச் சட்டம், உரிமை, பத்திரம் என்று ஆயிரம் காரணம் சொல்வார். நிஜக் காரணம் அவருடைய கால்சட்டை.

அதற்கு முந்தின வருடம் மான் வேட்டை தொடங்கிய திங்கட்கிழமை காலை, தன் சொந்தக் காட்டில், ஒரு பெரிய ஊசியிலை மரத்துக்குப் பின்னால் அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். விடியற்காலையில் வெளுத்துக்கட்டிய பன்றித் தொத்திறைச்சி வயிற்றைக் கலக்கிவிட்டது. துப்பாக்கி மரத்தில் சாய்ந்திருந்தது. வேட்டைக்காரர்கள் போடுகிற ஆரஞ்சுக் கோட்டு கிளையில் தொங்கிக்கொண்டிருந்தது. கால்சட்டை கணுக்காலில் கிடந்தது. அந்த நேரம் பார்த்து முதுகுக்குப் பின்னால் ஒரு பெண் குரல்.

"குட் மார்னிங் சார். வேட்டை வார்டன். லைசென்ஸ் பார்க்கணும்."

எங்கள் பென்சில்வேனியா மலைப்பக்கத்தில் அப்போதெல்லாம் வேட்டை லைசென்ஸைக் கோட்டின் முதுகில் குத்திக்கொள்ள வேண்டும். அதனால் வேட்டை விதிகளைக் கண்காணிக்கிற அரசு அதிகாரியான டெனிஸ் கூபியாக் என்ற அந்த வார்டன் எமரியைத் தொந்தரவு செய்யவில்லை. நேராகக் கோட்டிடம் போய் எண்ணைப் படித்துக் குறித்துக்கொண்டார். "எல்லாம் சரியா இருக்கு. நீங்க உங்க வேலையைப் பாருங்க சார்," என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார்.

சிரிக்காதீர்கள். மனுஷனுக்கு அது எப்பேர்ப்பட்ட அவமானம் தெரியுமா? எமரி முப்பத்து நாலு வருடம் மர அறுவை மில்லில் வேலை பார்த்தவர். செர்ரி மரம் அறுக்கிற பெரிய ரம்பத்துக்கு முன்னால் அவர் நிற்பார், அவர் முதுகுக்குப் பின்னால் மேஸ்திரி நிற்பார். மேஸ்திரிகள் ஐந்து பேர் மாறினார்கள், நிற்கிற இடம் மட்டும் மாறவே இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் பார்த்து வாங்கியது இந்த அறுபத்திரண்டு ஏக்கர் காடு. பத்திரம் பதிவான அன்று சாயங்காலம் தனியாகக் காட்டுக்குள் போய் ஒரு மணி நேரம் சும்மா நின்றுவிட்டு வந்தார். "என்ன பண்ணின அங்க?" என்று வெல்மா கேட்டதற்கு, "பின்னால திரும்பிப் பாத்தேன். யாரும் இல்ல," என்றார். சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. அந்த இடத்திலேயே ஒருத்தர் வந்து பின்னால் நின்றால்?

வெல்மா அவர் மனைவி. இருபத்தாறு வருடமாகப் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். நாற்பது பிள்ளைகள் பின்னால் உட்கார்ந்து கூச்சல் போட்டாலும் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்து அடக்கிவிடுவாள். கால்சட்டைக் கதையைக் கேட்டு அவள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த காபி சிந்தியது. எமரி சிரிக்கவில்லை. மறுநாளே பலகை எழுத உட்கார்ந்துவிட்டார்.

நாற்பது பலகை. "உள்ளே வராதே. வார்டனுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்." பத்து மரத்துக்கு ஒன்றாக அடித்து முடிக்க வசந்தகாலம் முழுக்க ஆயிற்று. அடித்து முடித்த பெருமையோடு ஊரே கூடுகிற தீயணைப்புக் கூடத்து ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குப் போய், ரெனிங்கர் வக்கீலுக்குப் பக்கத்தில் தட்டோடு உட்கார்ந்தார்.

"உன் பலகையை மான்தான் படிக்கணும் எமரி," என்றார் ரெனிங்கர். "காடு, வயல், மேய்ச்சல் நிலம், இதுக்குள்ள வர்றதுக்கு வார்டன் உன்னைக் கேக்க வேண்டியதே இல்ல. பலகை அடி, வேலி போடு, பூட்டுப் போடு. ஒண்ணும் செல்லாது. கோர்ட்டே சொல்லிருச்சு."

"பத்திரம் என் பேர்ல இருக்குய்யா!"

"இருக்கட்டும். வரி கட்டு, மரம் வெட்டு, யார் வேண்டாம்னா? காடு காடுதான். வீடுன்னா வேற கதை. வீட்டுக்குள்ள, வீட்டைச் சுத்தின முற்றத்துக்குள்ள வரணும்னா ஜட்ஜ் கையெழுத்துப் போட்ட காகிதம் வேணும்."

"முற்றம்னா எதைச் சொல்ற?"

ரெனிங்கர் வாய் நிறைய அப்பத்தை வைத்துக்கொண்டு யோசித்தார். "நீ குடியிருக்கிற இடம். சமைக்கிற, தூங்கற, துணி காயப்போடற…"

வாயில் அப்பம் இருக்கும்போது வக்கீல்கள் பேசக்கூடாது. எமரி பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார்.

கொட்டகைக்குப் பின்னால் பதினோரு வருடமாக எலி குடியிருந்த ஒரு கேம்பர் வண்டி, உள்ளேயே படுத்துச் சமைக்கிற மாதிரியானது, நின்றுகொண்டிருந்தது. அதை டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டுபோய், காட்டு நடுவில், மரத்தில் கட்டியிருந்த தன் வேட்டைப் பரணுக்கு நாற்பதடி தள்ளி நிறுத்தினார். அடுப்பு வைத்தார். வாசலில் மிதியடி போட்டார். வெல்மாவின் சமையலறைத் திரையைக் கழற்றி வந்து ஜன்னலில் மாட்டினார். வண்டியைச் சுற்றி நாலு பக்கமும் மரத்துக்கு மரம் கொடிக்கயிறு கட்டித் தன் சட்டை, கால்சட்டை, உள்ளாடை எல்லாவற்றையும் ஊர்வலம் போலத் தொங்கவிட்டார். ஒரு முளையில் தபால் பெட்டி வேறு.

வெல்மா வந்து பார்த்து விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பிரமாதம் எமரி. வாடகை எவ்வளவு?"

அதோடு விட்டிருந்தால் வம்பில்லை. ஆனால் அக்டோபர் கடைசியில் ரெனிங்கரை ஃபோனில் பிடித்து, "இப்ப அது வீடுதானே?" என்று கேட்டார். "பொம்மை வீடு கட்டி வெச்சா செல்லாதுய்யா. நிஜமா குடியிருக்கணும்," என்றார் ரெனிங்கர், விளையாட்டாக. எமரி விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"ஒரு ஆறு வாரம்தான் வெல்மா. சீசன் முடிஞ்சதும் வந்துருவேன்."

"சீசன் முடிஞ்சா வார்டனைப் பதவியை விட்டுத் தூக்கிருவாங்களா? அடுத்த வருஷம் என்ன பண்ணுவ?"

"அடுத்த வருஷமும் போய் இருந்துக்கறேன். அதுக்கென்ன இப்ப?"

முப்பத்தெட்டு வருடம் கூட வாழ்ந்தவளிடம் "அதுக்கென்ன" என்று கேட்டார் பாருங்கள். அங்கேதான் அவருக்குப் புத்தி மழுங்கியது.

பத்து நாள் கழித்து கேம்பர் வாசலில் இரண்டு அட்டைப்பெட்டி இருந்தது. கம்பளி உள்ளாடை, படிக்கிற கண்ணாடி, ரத்த அழுத்த மாத்திரை, பௌலிங் போட்டியில் வாங்கின கோப்பை எல்லாம் அழகாக அடுக்கியிருந்தது. எமரி மூச்சிரைக்க வீட்டுக்கு இறங்கி வந்தார்.

"என்ன வெல்மா இது?"

"கோவம் ஒண்ணும் இல்ல. நீ வேற வீட்டுக்குக் குடிபோயிட்ட. உன் சாமான் உன் வீட்டுல இருக்கறதுதானே முறை? நானும் இப்பல்லாம் கட்டில் நடுவுல படுக்கறேன். நல்லா தூக்கம் வருது."

அன்று காட்டுக்குத் திரும்பி நடக்கும்போது எமரி இரண்டு தடவை வீட்டைத் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் வீராப்பு விடுமா? ஒரு மனுஷன் தன் நிலத்தில் தன் உரிமைக்கு நிற்கிறான், இதில் என்ன தப்பு என்று கேம்பரில் எலியிடம் கேட்டார். முகம் பார்க்கிற கண்ணாடி முன்னால் நின்று, "இது என் வீடு மேடம். காகிதம் கொண்டாந்தா உள்ள வாங்க," என்று தினமும் நாலு தடவை சொல்லிப் பழகினார்.

நன்றித் திருநாள் வியாழக்கிழமை வந்தது. வான்கோழி சாப்பிட வெல்மா கூப்பிட்டிருந்தாள். போனால், கதவைத் திறந்து கோட்டை வாங்கி மாட்டினாள். விருந்தாளிகளுக்கு மட்டும் எடுக்கிற பொன்விளிம்புத் தட்டில் பரிமாறினாள். அவர் எப்போதும் உட்கார்கிற நாற்காலியில் பூனை படுத்திருந்தது, அதை எழுப்பவில்லை.

"இன்னும் கொஞ்சம் கறி வெச்சுக்கங்க," என்றாள். "கூச்சப்படாதீங்க."

எமரி முள்கரண்டியைக் கீழே வைத்தார். "என்ன வெல்மா, வாங்க போங்கன்னு?"

"வீட்டுக்கு வந்தவங்களை மரியாதையா நடத்தணும் இல்லையா?" கிளம்பும்போது ஒரு டப்பாவில் பூசணிக்காய் இனிப்பு கட்டிக் கொடுத்து, "நேரம் கிடைச்சா மறுபடியும் வாங்க," என்று வாசல்வரை வந்து வழியனுப்பினாள். மேஸ்திரி முதுகுக்குப் பின்னால் நின்ற முப்பத்து நாலு வருடத்திலும் அவர் இவ்வளவு சிறுத்துப்போனதில்லை. தன்னை இந்த வீட்டிலிருந்து யாரும் துரத்தவில்லை, தானேதான் வெளியே போனோம் என்பது அந்தப் பூசணி டப்பாவைத் தூக்கிக்கொண்டு மேடேறும்போது நன்றாகவே உறைத்தது. ஆனால் நாலு நாளில் சீசன். இத்தனை தூரம் வந்துவிட்டு இப்போது இறங்கினால் தீயணைப்புக் கூடத்தில் தலைகாட்ட முடியுமா?

திங்கட்கிழமை விடிந்தது. கடுங்குளிர். எமரி பரணில் ஏறி உட்கார்ந்தார். ஏழேகாலுக்கு எட்டுக் கிளைக் கொம்போடு ஒரு மான் வந்தது. வாழ்நாளில் அப்படியொன்றை இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறார். அது நேராக வந்தது, கொடிக்கயிற்றுக்கு முன்னால் நின்றது, லாவண்டர் சோப்பு மணக்கிற எமரியின் உள்ளாடையை மோந்து பார்த்தது, துப்பாக்கியைத் தூக்குவதற்குள் வாலைத் தூக்கிக்கொண்டு ஒரே ஓட்டம். எமரி தன்னையே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டார்.

ஒன்பது மணிக்கு வெல்மா மேடேறி வந்தாள். வேட்டை தொடங்குகிற நாள் எங்கள் பக்கம் பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை, அதனால் பேருந்து இல்லை. ஆரஞ்சு மேல்சட்டை போட்டுக்கொண்டு, கையில் மருந்துக்கடைப் பையோடு வந்தாள்.

"மாத்திரை தீர்ந்திருக்கும். குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

எமரி பரணிலிருந்து இறங்கி வந்தார். அதே சமயம் எதிர்ப்பக்கத்துக் கொடிக்கயிற்றுக்கு வெளியே டெனிஸ் கூபியாக் வந்து நின்றார். உள்ளே கால் வைக்கவில்லை.

"மிஸ்டர் ஷேடில், போன வருஷம் நான் தூரத்துலயே குரல் குடுத்திருக்கணும். அது என் தப்பு," என்றார். "இந்த வீட்டு விஷயத்தையும் ஊரே சொல்லிருச்சு. நான் வாதாட வரல. ஒரே ஒரு கேள்வி. இது உங்க வீடுன்னு நீங்க சொன்னா இப்பவே திரும்பிப் போயிடறேன். காகிதம் இல்லாம வரமாட்டேன். இது உங்க வீடா சார்?"

இத்தனை நாள் பழகின பதில் நாக்கு நுனியில் நின்றது. ஒரு வார்த்தை போதும், ஜெயித்துவிடலாம். எமரி வெல்மாவைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. குளிரில் விறைத்து அட்டை மாதிரி தொங்கிய காலுறை ஒன்றைக் கொடியிலிருந்து எடுத்து, மடிக்க வராமல், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். மருந்துப் பை அவள் கக்கத்தில் இருந்தது.

"இல்ல மேடம்," என்றார் எமரி. "என் வீடு கீழ இருக்கு. இந்தம்மா இருக்கிற வீடு. இது சும்மா ஒரு எலி வண்டி."

டெனிஸ் குனிந்து கயிற்றைத் தாண்டி வந்தார். எமரி திரும்பி முதுகைக் காட்டினார். லைசென்ஸ் எண், துப்பாக்கி, தோட்டா எல்லாம் பார்த்து முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "எல்லாம் சரியா இருக்கு சார்," என்று சொல்லிவிட்டு அடுத்த காட்டுப் பக்கம் நடந்தார். எமரிக்கு அது பிடிக்கவே இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் அந்தச் சட்டம் தப்பு என்றுதான் அடித்துச் சொல்வார்.

வெல்மா மாத்திரைப் பையை அவர் கையில் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள். காலுறையையும் கையோடு கொண்டுபோய்விட்டாள். எமரி கேம்பர் படியில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். பிறகு துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்தார், தலையணையைக் கக்கத்தில் இடுக்கினார், கிளம்பினார்.

சமையலறைக் கதவுக்கு வெளியே நின்று பூட்ஸைத் தட்டினார். கைப்பிடியைத் தொடப் போனவர் கையை இழுத்துக்கொண்டார். முப்பத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக அந்தக் கதவைத் தட்டினார்.

"யாரு?"

"நான்தான். எமரி."

"என்ன வேணும்?"

"உள்ள வரலாமான்னு… கேக்கலாம்னு வந்தேன்."

உள்ளே பாத்திரத்தில் கரண்டி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. எமரிக்கு நிஜமாகவே பயம் வந்தது. வரக்கூடாது என்று சொன்னால் என்ன செய்வது, எந்த வக்கீலிடம் போவது?

கதவு திறந்தது.

"சொந்த வீட்டு வாசல்ல பிச்சைக்காரன் மாதிரி நிக்கறியே, வெக்கமா இல்ல உனக்கு?" என்றாள் வெல்மா. கண் சிவந்திருந்தது. "சீக்கிரம் வந்து தொலை, குளிரெல்லாம் உள்ள வருது. கதவைச் சாத்து."

எமரி உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.